பங்காருக்குப் போடும் முன் பிரேமைப் பாருங்கள்!

மழைக்காலம் முடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் பழைய சைக்கிள்கள் மேல் சொசைட்டிக்காரர்களின் கண் விழும். "எடுத்துக்கிறீங்களா, இல்லை பங்கார்வாலாவைக் கூப்பிடட்டுமா?" என்று மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டுக்கு வீடு கேட்பார்கள். மாமனார் ஆபீசுக்கு ஓட்டிய ராலேயாக இருக்கலாம், தாராவியில் விடிகாலையில் இட்லிப் பாத்திரம் சுமந்த ஹெர்குலஸாக இருக்கலாம். சக்கரம், சீட், செயின் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பிரேம் தேறுமா, தேறாதா என்பதுதான் கேள்வி. காசு செலவழிக்கும் முன் அதை வீட்டுச் சாமான்களை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம், வாருங்கள்.

1. முதல் வேலை துடைப்பது. பழைய வேட்டித் துணியில் கொஞ்சம் டீசல் தொட்டுத் துடைத்தால் வருஷக்கணக்கான பிசுக்கு வந்துவிடும். உப்புத்தாள் மட்டும் வேண்டாம். பழைய கறுப்பு எனாமலும் அதன் மேல் இழுத்த தங்கக் கோடும் ஒருமுறை போனால் போனதுதான்.

2. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து எல்லாக் குழாய்கள் மேலும் ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ஓரிடத்தில் மட்டும் பிடிக்காமல் நழுவினால், அங்கே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து எதையோ மறைத்திருக்கிறார்கள். பிரேம் முழுக்கவே ஒட்டவில்லையா? அது அலுமினியம். வளைந்த அலுமினியத்தை நிமிர்த்தி ஓட்டுவது ஆபத்து, அத்தோடு விட்டுவிடலாம்.

3. முன்பக்க முத்திரை உதிர்ந்திருந்தால் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தைப் பாருங்கள். நாரைத் தலை இருந்தால் ராலே, உள்ளங்கை இருந்தால் ரட்ஜ், ஆட்கள் நிற்பதுபோல் இருந்தால் ஹம்பர், எழுத்தே பி.எஸ்.ஏ. என்று வெட்டியிருந்தால் பி.எஸ்.ஏ. பல்சக்கரத்தை யாரும் எப்போதும் மாற்றியிருக்கலாம் என்பதால், அது ஒன்றை மட்டும் நம்பி விலை பேசிவிடாதீர்கள்.

4. ராலே என்றதும் இங்கிலாந்து என்று முடிவு கட்டாதீர்கள். நாட்டிங்ஹாம் என்று முத்திரையில் இருந்தால் சீமைச் சரக்கு; சென்-ராலே என்றிருந்தால் வங்காளத்து அசன்சோலில் செய்தது. ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. இரண்டும் நம்ம அம்பத்தூரில், 1949-ல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸில் இருந்து வந்ததாகவும் இருக்கலாம். பழுது பார்த்து ஓட்டப்போகிறவர்களுக்கு இந்தியத் தயாரிப்புதான் லாபம் என்பேன், உதிரிபாகம் தேடி அலைய வேண்டாம்.

5. ஹிந்த் என்று பேர் போட்ட பிரேம் கையில் கிடைத்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அது இதே மும்பையில், வொர்லியில் செய்தது. அந்த கம்பெனியையும் சென்-ராலேயையும் சேர்த்து 1980-ல் நாடாளுமன்றச் சட்டம் போட்டு அரசுடைமை ஆக்கினார்கள். இனி புதிதாக வராத சரக்கு என்பதால், சின்னச் சின்னப் பழுதுக்காக இதைக் கிலோ கணக்கில் தள்ளிவிட மனசு வராது, வரவும் கூடாது.

6. வயசு தெரிய வேண்டுமா? பின்சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் கியர் ஹப்பு இருந்தால் அதன் உடம்பைத் துடைத்துப் பாருங்கள். வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கமும், பக்கத்தில் மாதமும் பல ஹப்புகளில் குத்தியிருப்பார்கள். 56 என்றால் 1956. சக்கரம் மாறியிருக்கலாம் என்றாலும், விற்கிறவர் "வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்" என்று அளக்கும்போது கையில் ஒரு பிடி இருக்கும்.

7. பிரேம் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். சீட்டுக்குக் கீழே, பின்சக்கரம் மாட்டும் இடத்தில், அல்லது பெடல் அச்சு ஓடும் பெட்டியின் அடியில் குத்தியிருக்கும். வெளியில் வாங்குவதாக இருந்தால் அந்த நம்பரோடு ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நம்பரை ராவி அழித்திருந்தால் பிரேம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

8. இப்போது அடிபட்ட இடம். முன்னால் மோதிய சைக்கிளில் போர்க்குதான் வளைந்தது என்று நினைப்போம். ஆனால் ஹாண்டில் குழாய்க்குப் பின்னால், மேல் பாரும் கீழ்க் குழாயும் வந்து சேருகிற இடத்திலும் அடி இறங்கியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அந்த இரண்டு குழாய்களின் அடிப்பாகத்தையும் ஒரு ஜாண் தூரம் தடவுங்கள். புடைப்போ, மடிப்போ, அலை அலையாகவோ விரலில் தட்டினால் அந்தக் குழாயின் பலம் அங்கேயே போய்விட்டது. நிமிர்த்தினாலும் பழைய பலம் வராது. குழாயையே மாற்ற வேண்டும், அது பெரிய செலவு. நான் பார்த்தவரை தேறாமல் போகிற பிரேம்களில் பாதி இந்த ஓரிடத்தில்தான் தோற்கிறது, அதனால் மற்ற எதையும் பார்க்கும் முன் இதைப் பாருங்கள்.

9. மேல் பாரில் ஒரு சொட்டை மட்டும் இருந்தால் கவலையே வேண்டாம். ஹாண்டில் சுழன்று அடித்ததோ, சுவரில் சாய்த்ததோ, உருண்டையாக அமுங்கியிருக்கிற சொட்டை அழகைத்தான் கெடுக்கும். விளிம்பு கூர்மையாக மடிந்திருந்தால்தான் யோசனை.

10. மாட்டுங்கா பூக்கடையில் சுற்றிக் கொடுக்கிற பூ கட்டும் நூல் போதும், பிரேம் கோணலா என்று தெரிந்துவிடும். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சு உட்காரும் வலப்பக்கக் காதில் நூலைக் கட்டுங்கள். முன்னால் கொண்டுபோய் ஹாண்டில் குழாயைச் சுற்றி, அதே உயரத்தில் இடப்பக்கக் காதுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து அளந்தால் வித்தியாசம் தெரியும். ஒன்றிரண்டு மில்லிமீட்டரைக் கண்டுகொள்ளாதீர்கள். நாலைந்து என்றால் இரும்புப் பிரேமை நெம்பி நேராக்க முடியும். அதற்கும் மேலே போனால், எட்டாம் குறிப்பில் சொன்ன இடத்தை இன்னொரு முறை தடவிப் பாருங்கள், இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும்.

11. நூல் வேலைக்குப் பொறுமை இல்லையா? பிரேமுக்கு முன்னால் நாலடி தள்ளி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஹாண்டில் குழாயின் பின்னே சீட் குழாய் ஒளிந்துகொள்ள வேண்டும். ஒருபக்கமாக எட்டிப் பார்த்தால் பிரேம் முறுக்கிக்கொண்டிருக்கிறது; முறுக்கை எடுப்பது கோணலை எடுப்பதைவிடக் கஷ்டம்.

12. கீறலா விரிசலா என்ற சந்தேகத்துக்கு டீசலும் முகப் பவுடரும் பதில் சொல்லும். சந்தேக இடத்தில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெயோ டீசலோ தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு ஈரமே தெரியாமல் துடைத்து, மேலே டால்கம் பவுடரோ சாக்பீஸ் பொடியோ தூவுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் வெளியே கசிந்து வெள்ளைப் பொடியில் மயிரிழைக் கோடாகத் தெரியும். வெறும் கீறல் என்றால் ஒன்றும் தெரியாது.

13. விரிசல் தேட வேண்டிய இடங்கள் இவ்வளவுதான்: ஹாண்டில் குழாயின் கீழ் இணைப்பு, பெடல் பெட்டியைச் சுற்றி, சீட் இறுக்கும் இடம், பின் அச்சுக் காதுகள், ஸ்டாண்டும் கேரியரும் மாட்டும் இடம். பிரேம் முழுக்கப் பவுடர் பூசி நேரத்தை வீணாக்காதீர்கள்.

14. போர்க்கைக் கழற்றாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். போர்க்கின் தண்டு பிரேமுக்குள்ளே ஒளிந்திருக்கிறது, அதன் அடிப்பக்கத்தில் விழுகிற விரிசல் வெளியே தெரியாது, ஓடும்போது விட்டால் முகத்தில்தான் விழுவோம். கழற்றும் முன் கீழே ஒரு தாம்பாளத்தில் பழைய துண்டு விரித்துவிடுங்கள். பால்ஸ் எல்லாம் உருண்டு சோபாவுக்கு அடியில் போகாமல் அதிலேயே விழும்.

15. போர்க்குக் கால்கள் இரண்டும் ஒரேபோல் பின்னால் மடங்கியிருந்து, மடிப்புக் கோடு எதுவும் இல்லையென்றால் ஒரு தரம் நிமிர்த்திக்கொள்ளலாம். தண்டு வளைந்திருந்தாலோ, ஏற்கெனவே நிமிர்த்திய அடையாளம் தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். போர்க்கில் மிச்சம் பிடிப்பது மட்டும் மிச்சமே இல்லை.

16. நாட்டிங்ஹாம் ராலேக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: அந்தப் பிரேமின் பெடல் பெட்டியிலும் போர்க்கிலும் மரை வேறு. மற்ற கம்பெனிகள் அங்குலத்துக்கு 24 மரை போட்டபோது ராலே 26 போட்டது. சாதாரணக் கப்பை மாட்டி ஸ்பானரால் அழுத்தித் திருகினால் நல்ல மரையும் நாசமாகிவிடும். பழைய கப்பு ஓரளவு நன்றாக இருந்தால் அதையே கழுவி, புது பால்ஸும் கிரீஸும் போட்டு ஓட்டுங்கள். போர்க்கை மாற்றும்படி ஆனால் கப்பு-கோன் செட்டையும் சேர்த்தே மாற்றக் கணக்குப் போடுங்கள்.

17. பழுது பார்க்கத் துணிவு தரும் சேதி: 28 அங்குல டயரும் டியூபும், ராடு பிரேக் சாமான்களும் நம்ம நாட்டில் இன்றைக்கும் புதிதாகச் செய்கிறார்கள். வெளிநாட்டில் இதே வண்டியை வைத்திருக்கிறவர்கள் டயருக்காகத் தவமிருக்கிறார்கள்.

18. துரு எவ்வளவு ஆழம் என்பதற்கு ஒரு அஞ்சு ரூபாய் நாணயம் போதும். குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள், கணீர் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் மொத்தென்று ஆனால் உள்ளே அரித்திருக்கிறது. அங்கே ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். அமுங்கினால் விலை பேச வேண்டாம்.

19. சீட் பில்லரை உருவிவிட்டுப் பிரேமைத் தலைகீழாகப் பிடித்து, செய்தித்தாள் மேல் உதறுங்கள். பழுப்புத் தூள் கொட்டினால் பயமில்லை. அப்பளம் நொறுங்கியதுபோல் செதில் செதிலாக விழுந்தால் குழாய் உள்ளிருந்து மெலிந்துகொண்டு வருகிறது.

20. நம்ம ஊரில் துரு மேலிருந்து வருவதைவிட உள்ளிருந்து வருவதுதான் அதிகம். கடல் காற்று ஒருபக்கம், நாலு மாத மழை மறுபக்கம். சீட் குழாய் வழியாக இறங்குகிற தண்ணீர் பெடல் பெட்டியில் போய்த் தேங்கும். பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா, கிரீஸ் அடைத்திருக்கிறதா என்று ஊசியால் குத்திப் பாருங்கள். ஓட்டையே இல்லாவிட்டால் அந்தப் பெட்டியைச் சுற்றியுள்ள குழாய்களைச் சந்தேகத்தோடு தட்டுங்கள்.

21. குர்லா, சயான், தாராவிப் பக்கம் தரைத்தளத்தில் நின்ற பழைய சைக்கிளை வாங்கினால், "26 ஜூலையில் எங்கே இருந்தது?" என்று கேளுங்கள். 2005-ல் அன்றைக்குச் சான்டாகுரூஸில் மட்டும் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. மூழ்கிய வண்டிகளை வெளியே துடைத்தார்கள், குழாய்க்குள்ளே யாரும் துடைக்கவில்லை.

22. சீட் பில்லர் அசையவே இல்லையா? ஊடுருவுகிற எண்ணெயை விளிம்பில் விட்டு, ராத்திரி ஒரு தரம், காலையில் ஒரு தரம் என்று சில நாள் பொறுங்கள். முறுக்கித் திருப்ப வேண்டுமே தவிரச் சுத்தியால் அடிக்கக் கூடாது. துருவேறிச் சிக்கிய பில்லரை அறுத்து எடுக்கும் கூலி சில சமயம் பிரேம் வேலையைவிட அதிகமாகிவிடும், ஆகவே விலை பேசும் முன்பே அது அசைகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

23. கிராங்கில் இருக்கிற காட்டர் பின்னைத் தட்டும்போது கிராங்குக்கு அடியில் ஒரு கெட்டியான இரும்புக் குழாயை முட்டுக் கொடுங்கள். முட்டில்லாமல் அடித்தால் அந்த அடி முழுக்க உள்ளே பெட்டிக்கும் பால்ஸுக்கும் போகும். புதுப் பின் கொசுறு விலைதான், பிரேம் அப்படியல்ல.

24. குழாயும் குழாயும் சேருகிற உறைக்கு லக் என்று பெயர். லக்கின் ஓரத்தைச் சுற்றிப் பெயின்ட் வட்டமாக வெடித்திருந்தால் உள்ளே பித்தளை விட்டிருக்கலாம். பார்க்கப் பயமாக இருந்தாலும் இது நல்ல பழுது: குழாய் கெடவில்லை, ஒட்டுதான் விட்டிருக்கிறது. சூடாக்கி மறுபடி பித்தளை ஓட விட்டால் பழைய பலம் வந்துவிடும்.

25. சீட் போல்ட் இறுக்குகிற காது உடைந்திருப்பதும் சின்ன வேலைதான். பின் அச்சுக் காது வளைந்திருந்தாலும் நிமிர்த்திக்கொள்ளலாம். இந்த இரண்டுக்காகவே விலை குறைத்துத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு, கண்ணில் பட்டால் வாங்கிப் போடுங்கள்.

26. செயின் ஓரமாகப் பின்னால் போகிற குழாய், பெடல் பெட்டிக்குப் பக்கத்தில் ஓட்டை விழுந்திருந்தால் யோசியுங்கள். ஒன்று போயிருந்தால் அதன் ஜோடியும் பாதி போயிருக்கும். அங்கே தகடு வைத்து ஒட்டித் தருகிறேன் என்பார்கள், ஆறு மாதத்தில் தகட்டின் விளிம்பில் மறுபடி விடும்.

27. எங்கேயாவது உருண்டை உருண்டையாகப் பழைய வெல்டிங் கட்டி தெரிந்தால், அந்தப் பக்கத்துக் குழாய் ஒருமுறை கெட்டுப்போனது என்று அர்த்தம். அது தாங்கிக்கொண்டு இத்தனை வருஷம் ஓடியிருந்தால் தொடாதீர்கள். பக்கத்தில் புது விரிசல் வந்திருந்தால் பிரேமுக்கு விடை கொடுங்கள்.

28. என்ன வேலைக்கு ஓடப்போகிறது என்பதைத் தீர்மானிக்காமல் பிரேமைத் தீர்மானிக்க முடியாது. தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரமும் சட்னித் தூக்கும் கட்டிக்கொண்டு பல கிலோமீட்டர் மிதிக்கிற வண்டிக்கும், ஞாயிற்றுக்கிழமை ஐந்து பூங்கா வரை போய்வருகிற வண்டிக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. லோடு ஏற்றுகிற பிரேமில் சந்தேகம் என்றால் அது 'இல்லை'தான்; அந்த வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நிற்கும். சும்மா ஓட்டுகிற வண்டியில் கொஞ்சம் கோணலும் கொஞ்சம் சொட்டையும் இருந்துவிட்டுப் போகட்டும்.

29. பட்டறையில் விலை கேட்கும்போது பிரேம் வேலைக்குத் தனி, ஓவராயிலுக்குத் தனி, பெயின்ட்டுக்குத் தனி என்று மூன்றாகக் கேளுங்கள். மொத்தமாகக் கேட்டால் எதில் ஏற்றினார்கள் என்று தெரியாது. மூன்றையும் தினசரிக் காலண்டர் தாளின் பின்னால் எழுதி, டெம்போ கூலியையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

30. என் கணக்கு இதுதான்: பிரேம் வேலைக்கு மட்டும் ஆகிற தொகையில் அதே கம்பெனியின் ஓடுகிற பழைய வண்டி ஒன்று கிடைக்குமானால், பிரேமை விட்டுவிடலாம். அப்பா ஓட்டியது, தாத்தா வாங்கியது என்றால் இந்தக் கணக்கைத் தூக்கி ஓரமாக வையுங்கள். ஆனால் அது பாசச் செலவு என்று வீட்டில் ஒத்துக்கொண்டே செய்யுங்கள், லாபம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

31. தாராவியில் தேரா கம்பவுண்ட் பக்கம் போனால் பழைய இரும்பில் ஒரு பிரேமாவது கண்ணில் படாமல் இருக்காது. அடிபட்ட பிரேமுக்கு மாற்றுக் குழாயோ போர்க்கோ அதிலிருந்து எடுத்தால் செலவு சட்டென்று இறங்கும். பூ நூலையும் காந்தத்தையும் கைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள், அங்கேயே சோதித்து வாங்கலாம்.

32. பட்டறைக்காரரிடம் "பீத்தல் சே ஜோட்னா, ஆர்க் நஹீ" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய பிரேம் எல்லாம் பித்தளை வைத்து ஒட்டியது. அதன் மேல் கரண்ட் வெல்டிங் வைத்தால் பித்தளையும் இரும்பும் கலந்து ஒட்டு மொறுமொறுப்பாகிவிடும், மெல்லிய குழாயும் ஓட்டை விழும். கேஸ் வைத்துச் செய்கிறவரிடம் கொஞ்சம் கூடுதல் கூலி கேட்டாலும் கொடுங்கள்.

33. அனலுக்குக் கொடுக்கும் முன் சீட் பில்லர், பால்ஸ், கிரீஸ் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். மூடிய குழாய்க்குள் எண்ணெய் இருந்தால் புகையும், தெறிக்கும். முத்திரை, தங்கக் கோடு இருக்கிற பக்கத்தில் ஈரத்துணியைச் சுற்றச் சொன்னால் பழைய பெயின்ட் கருகாது.

34. பித்தளை ஓட வெங்காரம் போட்டிருப்பார்கள். ஆறியதும் அது கெட்டிப்பட்டு ஒட்டுமேல் உட்கார்ந்திருக்கும். கொதிக்கிற தண்ணீரைத் துணியில் தொட்டுத் தொட்டு ஊறவைத்துத் துலக்கி எடுங்கள். அப்படியே பெயின்ட் அடித்தால் உள்ளே ஈரம் இழுத்து, அடுத்த மழைக்குள் பெயின்ட் உரியும்.

35. பவுடர் கோட்டிங் எல்லாம் முடிவில்தான். விரிசல் பார்க்காமல் அடித்த கோட்டிங் விரிசலைப் பல வருஷம் மூடி வைக்கும். பழைய பெயின்ட்டைச் சுரண்டுவதாக இருந்தால் தண்ணீர் தொட்டுத் தொட்டுச் சுரண்டுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம்.

36. வெல்டிங் எல்லாம் முடிந்தபின் ஆளிவிதை எண்ணெயைச் சீட் குழாய் வழியாக ஊற்றி, பிரேமை நாலாபக்கமும் சாய்த்துச் சாய்த்து உள்ளே ஓடவிட்டு, மிச்சத்தை வடித்துவிடுங்கள். உள்ளே காய்ந்து படலமாகப் பிடித்துக்கொள்ளும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், விரித்துக் காயப்போடுங்கள். ஆளிவிதை எண்ணெய்த் துணி தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

37. குரோம் துருவுக்கு டப்பாவில் மிஞ்சின அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். பித்தளை முத்திரைக்குக் குத்துவிளக்குக்குச் செய்கிற அதே புளி வைத்தியம்தான், தேய்த்ததும் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். இரண்டுக்கும் தனியாகப் பாலிஷ் வாங்க வேண்டாம்.

38. பழுது பார்த்த பிரேமில் நீங்கள் ஏறும் முன் அரிசி மூட்டையை ஏற்றுங்கள். கேரியரில் 25 கிலோ மூட்டையைக் கட்டி, சொசைட்டிக் காம்பவுண்டுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு நாலு சுற்று வாருங்கள், ஒரு ஸ்பீட்பிரேக்கர் மேலும் ஏற்றி இறக்குங்கள். அப்புறம் ஒட்டுகளைச் சுற்றிப் பெயின்ட்டில் மயிரிழை வெடிப்பு வந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

39. தேறாது என்று முடிவானாலும் முழு வண்டியாகக் கொடுத்துவிடாதீர்கள். புரூக்ஸ் தோல் சீட், கியர் ஹப்பு, செயின் கவர், டைனமோ விளக்கு, பல்சக்கரம், முத்திரை இவற்றைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். ரிவெட் பக்கம் கிழியாத தோல் சீட் ஒன்றே சில சமயம் மொத்தப் பிரேமைவிட அதிக விலைக்குப் போகும், பங்கார்வாலா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் தராசில் ஏற்றுவார்.

40. வெறும் பிரேமைக் கிலோவுக்குப் போடும் முன், ஹாண்டில் குழாய்ப் பக்கம் ஹாக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்துவிடுங்கள். இரும்பு விலையில் ஒரு பைசாவும் குறையாது. அறுக்காமல் கொடுத்தால் அடுத்த வாரமே பட்டி பார்த்து, பளபளவென்று பெயின்ட் அடித்து யாரோ ஒரு பையன் தலையில் கட்டிவிடுவார்கள்.